இரண்டாம் அறையில் எரிந்த பச்சை விளக்கு

நாற்காலி ஆசையாம்! சொல்கிற வாய்க்கு ஒரு கதவு இருந்தால் அல்லவா சாத்தி வைக்கலாம். புருஷன் கண்ணில் கட்டோடு தடவிக்கொண்டு திரிய, இவள் பதினொரு நாள் அறைக்குள் உட்கார்ந்து கப்பலை ஆண்டாளாம். நான்காம் அடுக்குச் சலவைக் கூடத்தில் இன்றைக்கும் இந்தப் பேச்சைத்தான் அலசிப் பிழிந்து காயப்போடுகிறார்கள். பேசுகிறவர்களில் ஒருத்தியாவது அந்த அறை வாசலை மிதித்திருப்பாளா? நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

சும்மாக்காரி என்றுதான் கப்பலில் அவளுக்குப் பெயர். விண்மீன்களுக்கு நடுவே ஓடுகிற அவ்வளவு பெரிய கப்பலில் கட்டளை அறை இரண்டு. முதல் அறை உச்சியில், கண்ணாடியும் கம்பளமுமாக. கேப்டன் இருக்கும் இடம். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் கப்பலை ஓட்டுவதற்கென்று இரண்டாம் அறை. அது அடிவயிற்றில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு கழிவறை, கதவின் அடியில், தரையோடு ஒட்டி, சாப்பாட்டுத் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. மேலே கேப்டன் எந்த நெம்புகோலைத் தள்ளுகிறாரோ, கீழே அவளும் அதையே தள்ளிப் பழக வேண்டும். மேலே உள்ளதற்கு உயிர் உண்டு, இவளுடையதற்குக் கிடையாது. இருபத்தாறு வருஷம் இப்படி வெறும் நெம்புகோலைத் தள்ளினாள். இதற்குச் சம்பளமா என்று கப்பலே சிரித்தது. மேல் அறைக்காரர்கள் கால் உடைந்த நாற்காலிகளையும் கிழிந்த கம்பளங்களையும் கொண்டுவந்து அங்கேதான் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் அதைச் சுமந்துபோய் அவர்கள் வாசலிலேயே போட்டுவிட்டு வருவாள்.

கேப்டன் பதவிக்கு வந்து இருபது வருஷம் ஆன விழா வந்தது. நெம்புகோல் பலகை மேலேயே பூந்தொட்டிகளை அடுக்கச் சொன்னார் மகானுபாவர். படத்தில் எடுப்பாக விழுமாம். ஒரு தொட்டி சரிந்தது. தண்ணீர் உள்ளே இறங்கியது. பலகை செத்தது. எதிரே கல் கூட்டம் வந்துகொண்டிருந்தது.

கீழே சும்மாக்காரி, மேல் அறைக்குப் போகும் பேச்சுக் குழாயில், "கட்டளையை நான் எடுத்தேன்" என்றாள். அவள் தலைக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது. நாற்பது நிமிஷம், ஒரு கல்லும் உரசாமல், நாலாயிரம் உயிரையும் அந்தக் கை திருப்பிக்கொண்டு போனது.

அதற்குள் கேப்டன் தலைமுடி உலர்த்தும் மெஷினாலேயே பலகையைக் காயவைத்துவிட்டார்கள். இனி அவர் கட்டளையைத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கொரு முறை இருக்கிறது: இத்தனாம் நாள், இந்தக் காரணத்தால் என் கையை விட்டுப் போனது, இப்போது எடுக்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும், சொன்னது பதிவானால்தான் மேல் நெம்புகோலுக்கு உயிர் திரும்பும். அதுவரை எடுத்தவர் அறையை விட்டு வரக் கூடாது, மாற்று ஆளும் உள்ளே போகக் கூடாது.

"ஐயா, அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"எந்த வார்த்தை? இங்க எதுவும் போகவே இல்லையே. நீ வீட்டுக்குப் போம்மா."

"பச்சை விளக்கு இங்கதானே ஐயா எரியுது?"

"எரிஞ்சா எரியட்டும்."

எழுந்து போயிருந்தால் கப்பலுக்கு மேலேயும் கை இல்லை, கீழேயும் கை இல்லை. அதனால் உட்கார்ந்தாள். கேப்டன் மேலே "வலப்பக்கம்" என்று கர்ஜித்துக்கொண்டே உயிரில்லாத நெம்புகோலைத் தள்ளுவார். குழாய் வழியே அதைக் கேட்டு இவள் கீழே திருப்புவாள். கப்பல் திரும்பியதும் அவர் மீசையைத் தடவிக்கொள்வார். அவருக்குத் தெரியாதா? தெரியும். கௌரவம் தடுத்தது.

அவள் புருஷன் சலவைக்காரர். விழாவுக்கு முதல் நாள்தான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தது. "கட்டவிழ்க்கும்போது முதல்ல உன் மூஞ்சிதான் தெரியணும். பயந்தாலும் பரவாயில்ல" என்று சொல்லியிருந்தார். அவளும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஐந்தாம் நாள் அவிழ்க்க வேண்டியது. சாப்பாடு கொண்டுபோன சமையற்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு கதவடிக்கு வந்தார்.

"அடியே, டாக்டரம்மா கத்திரியோட நிக்கறாங்க."

"அவிழ்த்துக்க வேண்டியதுதானேங்க?"

"யார் மூஞ்சியில முழிக்கறது? இந்தச் சமையற்காரி மூஞ்சியிலயா?"

"என் மூஞ்சிக்கு என்ன கேடு? கண்ணு தெரியாதப்பவே இந்தக் கொழுப்பு!" என்றாள் சமையற்காரி.

"பன்னெண்டு நாளைக்கு மேல கட்டு இருந்தா சீழ் வச்சிடுமாம். நீதான் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க. கட்டை அவிழ்த்துக்குங்க. என் மூஞ்சி எங்க ஓடிடப்போகுது?"

"முடியாது. உனக்கு ஒரு வாக்குன்னா எனக்கும் ஒரு வாக்கு."

முக்காலி ஒன்றைப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜாடிக்கேத்த மூடி. சமையற்காரி போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போனாள். மாலைக்குள் சலவைக் கூடத்தில் அது நாற்காலிப் பைத்தியமாக முளைத்துவிட்டது.

பதினொன்றாம் நாள் காலை கப்பல் துறைக்கு வந்தது. கேப்டன் உரையாற்றப் போகிறார் என்று எல்லா அடுக்கிலும் ஒலிபெருக்கியைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் தொண்டையைக் கனைப்பதற்குள் துறை அதிகாரியின் குரல் குறுக்கே வந்தது.

"கட்டளை யாரிடம்?"

"என்னிடம்தான். கேப்டன் பேசறேன்."

"எங்க திரையில இரண்டாம் அறைன்னுதானே காட்டுது? வாயும் விளக்கும் ஒத்துப்போனாத்தான் வாசல் திறக்கும். உங்களுக்குப் பின்னால மூணு கப்பல் நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க."

நாலாயிரம் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சலவைக் கூடத்தில் பிழிந்த துணி பிழிந்தபடியே நின்றது. பிறகு கேப்டன், கசப்பு மருந்தை விழுங்குகிறவர் போல, வேகமாகச் சொன்னார்:

"போன கட்டளையை எடுத்தேன்."

"ஐயா, எப்பப் போச்சு, எதனால போச்சுன்னு முழுசாச் சொல்லணும்" என்றாள் சும்மாக்காரி. குரலில் ஒரு பொட்டுக் காரமில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்திருக்கும்.

"பதினொரு நாளைக்கு முன்னாடி... பூந்தொட்டித் தண்ணி பட்டு... என் கையை விட்டுப் போன கட்டளையை இப்ப எடுக்கறேன்."

"கொடுத்தேன்."

பச்சை விளக்கு அணைந்தது. அவள் எழுந்தாள், முழங்கால் இரண்டும் சொடக்குப் போட்டன. நெம்புகோல்களை முந்தானையால் துடைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டாள், சமையற்காரிக்கு அதை வைத்து ஒரு கதை மிச்சம் வைப்பானேன்? பிறகு கதவைத் திறந்தாள்.

முக்காலியில் இருந்தவர் கட்டோடு முகத்தை நிமிர்த்தினார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன். எழுந்திருங்க, டாக்டரம்மா காத்திருப்பாங்க."

அவர் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டி நடந்தாள்.