ஜெபத்தின் மறுபாதி

சாந்தோமில் ஃப்ளோரன்ஸ் டீச்சர் வீட்டு லேப்டாப்புக்குத் தொண்டை கட்டிக்கொண்டது தவக்காலத்தில். ஈஸ்டரும் வந்து போனது. ஆண்டவரே உயிர்த்தெழுந்துவிட்டார், லேப்டாப் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பகலெல்லாம் நன்றாகப் பேசும். சாயந்திரம் டீச்சர் ஜெபமாலையைக் கையில் எடுத்தால் போதும், ஊமையாகிவிடும்.

"இந்த இயந்திரத்துள் அசுத்த ஆவி புகுந்துள்ளது, சகோதரியே," என்றான் ஜேக்கப், பங்குச் சாமியாரின் மூக்குக் குரலில். தி.நகரில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். நாலாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவன். படித்ததைவிட, டீச்சர் மாதிரியே பேசிக்காட்டி வாங்கிய அடிதான் அதிகம்.

"சாமியாரைக் கிண்டல் பண்ணா வாய் கோணிக்கும். வேலையப் பாருடா."

"பாத்துட்டேன் மிஸ். சூப்பரா பாடுது. இன்னா பிரச்சனைன்றீங்க?"

"ஆறு மணி வரைக்கும் இரு. அப்பத்தான் மக்கர் பண்ணும்."

இருந்தான். காபி வந்தது, முறுக்கு வந்தது.

ஜெபமாலை ஒற்றை ஆள் சொல்லும் ஜெபமில்லை என்பது டீச்சரின் கட்சி. 'அருள் நிறைந்த மரியே' என்று ஒருவர் தொடங்க வேண்டும், மறுபாதியை இன்னொருவர் சொல்லி முடிக்க வேண்டும். கணவர் காலமான பிறகு அந்த வீட்டில் மறுபாதி மகள் கரோலுடையது. கொட்டாவி விட்டுக்கொண்டு சொல்வாள், பரீட்சை நாளில் ரயில் வேகத்தில் சொல்வாள், சொல்லாமல் மட்டும் இருக்கமாட்டாள். போன வருஷம் அவள் வடபழனி கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். டீச்சர் போகவில்லை. "இனிமே இந்தப் படியேறாத," என்று சொல்லியனுப்பினார். மகளும் அம்மாவின் மகள்தான். பெருங்குடியில் குடித்தனம் வைத்தாள், போன் நம்பரை மாற்றினாள், படியேறவில்லை.

அவள் விட்டுப்போனது இந்தப் பழைய லேப்டாப். அதில் யாரோ ஒரு பெண் மறுபாதியைச் சொல்லும் பதிவு ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுவிட்டு டீச்சர் முதல் பாதியைச் சொல்வார். வீட்டில் மறுபடியும் இரண்டு குரல்கள்.

ஆறு மணிக்குப் பதிவைப் போட்டார்கள். ஜெபமாலையில் இரண்டு மணிகள் உருண்டன. மூன்றாவதில் சத்தம் நின்றது.

ஜேக்கப் குனிந்து திரையின் மூலையைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போனது.

"மிஸ், சத்தம் கெடலை. வேற காதுக்குப் போய்க்கினு கீது."

"எந்தக் காதுக்கு?"

"புளூடூத் இயர்போன். இதுல முன்னாடியே சேர்த்து வெச்சிருக்காங்க. பக்கத்துல யாரு காதுல மாட்னாலும் சத்தம் அங்க ஓடிடும்." தயங்கினான். "பேரு 'கரோல்'னு கீது மிஸ்."

டீச்சரின் கையிலிருந்த ஜெபமாலை மடியில் விழுந்தது. பிறந்தநாளுக்கு அவரே வாங்கிக்கொடுத்த வெள்ளை இயர்போன்.

"பக்கத்துலன்னா எவ்ளோ பக்கம்?"

"இந்த வாசல், கேட், அவ்ளோதான்."

டீச்சர் மாடி ஜன்னலுக்கு ஓடினார். கீழ்வீட்டு சன்ஷேடு கேட்டை மறைத்தது. தவக்காலத்திலிருந்து தினமும்! தினமும் கீழே வந்து நின்று, அம்மாவின் ஜெபத்தைக் காதில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாளா?

"இருங்க மிஸ், நான் கீழ போய்..."

"வேணாம்டா. ஆளைப் பாத்தா ஓடிடுவா. அவ ரோஷம் உனக்குத் தெரியாது."

"அப்ப நீங்களே பேசுங்க. ரெக்கார்ட் பண்ணிப் போட்டா, நேரா அவ காதுல விழும்."

டீச்சர் சேலையைச் சரிசெய்துகொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தார், மகளே எதிரில் இருப்பதுபோல. "கரோல்... அம்மாடி. கீழயே நிக்காத, மேல வா. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். அவரையும் கூட்டிட்டு வா."

"'அவரா'? மரியாதை பலமா கீதே மிஸ்."

"சும்மா இருடா, அதுலாம் பதிவாயிடப்போகுது." குரல் உடைந்தது. "வாம்மா. அம்மாவால முடியல."

ஜேக்கப் அதைப் போட்டான். அறையில் சத்தமே இல்லை. ஓடி முடிந்தது.

படியில் காலடி கேட்டது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். கேட்டோரம் இஸ்திரி வண்டி போடும் தங்கம், மூச்சிரைக்க நின்றாள். ஒரு காதில் வெள்ளைக் குமிழ்.

"இன்னா டீச்சரம்மா, அழுவுறீங்க? காதுல கேட்டுச்சு. சாயந்திரம் பாட்டு போடலாம்னு மாட்னா தெனம் மாதா ஜெபம்தான் வருது, நானும் இன்னாடா இதுன்னு... இன்னிக்கு நீங்களே 'மேல வா'ன்றீங்க. பதறிட்டேன்."

டீச்சர் அந்தக் குமிழைத் தொட்டுப் பார்த்தார்.

"இது உனக்கு எப்படிக் கிடைச்சுது தங்கம்?"

"கரோல் பாப்பா குடுத்துச்சு. நீங்கள்லாம் நெத்தில சாம்பல் வெச்சிக்கினு வந்தீங்களே, தவக்காலம் ஆரம்பிச்ச அன்னிக்கு. வெளிநாடு போறோம்க்கா, ராத்திரிக்குப் பிளேனு, அம்மாவப் பாக்க வந்தேன்னுச்சு."

"பாக்க வந்தவ ஏன் மேல வரல?"

தங்கம் ஜேக்கப்பைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ஜன்னல்ல ஜெபம் கேட்டுச்சும்மா. உங்க குரலு, கூட ஒரு பொண்ணு குரலு. 'யாருக்கா அது, நான் சொல்றத சொல்றாங்க'ன்னுச்சு. எனக்கின்னா தெரியும்? 'தெனம் கேக்குது பாப்பா, ரெண்டு பேரு குரலு'ன்னேன். 'நல்லவேளை, அம்மாவுக்கு ஆள் கெடச்சுட்டாங்க'ன்னு சிரிச்சுச்சு. கண்ணுல தண்ணி. இந்தக் காதுமெஷின என் கைல குடுத்துட்டு கார்ல ஏறிடுச்சு."

"அது ஆளில்ல, தங்கம். லேப்டாப்பு."

தங்கம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு காதிலிருந்ததைக் கழற்றி நீட்டினாள். டீச்சர் வாங்கவில்லை.

"அவ குடுத்தது. நீயே வச்சிக்க. டேய், லேப்டாப்புலேர்ந்து இந்த இயர்போன எடுத்துடு. தங்கம் பாட்டு கேக்கட்டும்."

ஜேக்கப் எடுத்தான். லேப்டாப்புக்குக் குரல் வந்தது. யாரோ ஒரு பெண் மறுபாதியைச் சொல்ல ஆரம்பித்தாள். டீச்சர் கையை நீட்டி மூடினார்.

"எவ்ளோ நேரம் நின்னா, தங்கம்?"

"நான் வேலையா இருந்தேனே டீச்சரம்மா. எதிர்வீட்டுக் காமாக்ஷி மாமி துணி தேச்சுக்கினு இருந்தேன்."

"சட்டையா, புடவையா?"

"புடவைம்மா. கஞ்சி போட்டது. ரெண்டு. ரெண்டும் தேச்சு முடிக்கிற வரைக்கும் இங்கியேதான் நின்னுச்சு."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.