கயிற்றுக்குள் நின்ற கார்

மேகத்துக்குள் பாதை தெரியாமல் இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையோரம் நிற்கும் சில ஆன்டெனாக்கள் உதவுகின்றன. செயற்கைக்கோள்கள் சொல்வதைக் கேட்டு, அதில் எவ்வளவு பிழை என்று விமானத்துக்குச் சொல்லிவிடும் ஏற்பாட்டின் காதுகள் அவை. அந்தக் காதை வடிவமைப்பது என் பிழைப்பு. வானத்திலிருந்து நேராக வருவதைக் கேட்க வேண்டும். தரையில் பட்டுத் தெறித்து வருவதைக் கேட்கக் கூடாது. இதற்கே பாதி ஆயுள் போயிற்று.

சோதனைக்குத் தூத்துக்குடி உப்பளத்தைத் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் கட்டிய பாத்திகளில் சிக்னல் நன்றாகத் தெறிக்கும், இங்கே தேறினால் எங்கேயும் தேறும் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். பொய்யில்லை. பக்கத்தில், அதே ஜில்லாவில் உள்ள புதுக்கோட்டை என்ற சிற்றூரில் என் மனைவி இருக்கிறாள் என்பதை மட்டும் எழுதவில்லை. இரண்டு வருஷமாக அவள் அண்ணன் வீட்டில், நான் பெங்களூரில். சண்டை என்று ஒன்றுமில்லை. சண்டை போடும் அளவுக்குக்கூட நான் வீட்டில் இருந்ததில்லை. எப்படியாவது அழைத்துப் போய்விட வேண்டும் என்றுதான் வந்தேன்.

“கடைச் சோறு உங்களுக்கு ஆகாது. மத்தியானம் கொண்டாரேன். சோறு மட்டுந்தான், வேற ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க” என்றாள் போனில்.

ஆன்டெனா கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தோம். உள்ளே வாகனம் வரக் கூடாது. கார்க் கூரையில் பட்டும் சிக்னல் தெறிக்கும். முதல் நாளே அவள் காரை உள்ளே இருந்த ஓலைக் கொட்டகை நிழலில் நிறுத்தினாள். கயிற்றைத் தூக்கிவிட்டவன், அந்த விதியை எழுதிய நானேதான். வெளியே நிறுத்து என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

“உப்பு லாரிய உள்ள விடமாட்டேங்கீய. தங்கச்சி காருக்கு மட்டும் கயிறு தன்னால தூக்குது” என்றார் உப்பளக் காவல்கார அண்ணாச்சி.

“அது சின்ன வண்டி, அண்ணாச்சி.”

“வண்டி சின்னதுதான். உங்க மொகத்துலல்லா லைட்டு பெருசா எரியுது.”

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பரிமாறிக்கொண்டே, இந்தக் கம்பம் என்ன செய்யும் என்று ஒருநாள் கேட்டாள். நிபுணர் குழுவுக்கு விளக்குவதுபோல் கையை ஆட்டி விளக்கினேன்.

“அப்ப மேல உள்ளவன் சொன்னா கேக்கும். பக்கத்துல நின்னு சொன்னா கேக்காது.”

“ஏறக்குறைய.”

“உங்கள வச்சுத்தான் அச்செடுத்தாங்களோ?”

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நம்பி அன்றிரவு பெங்களூர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னேன்.

தினமும் மதியம் சிக்னல் பதிவில் கோடு கொஞ்சம் ஆடியது. அலுவலகத்திலிருந்து இளைய சகா போனில் காரணம் கேட்டான். “உப்பளத்துக் காத்துப்பா” என்றேன்.

பிறகொரு மதியம் சாப்பாடு முடிந்ததும் அவளே டிபன் கேரியரைக் கழுவித் துடைத்து என் பக்கம் நகர்த்தினாள். எப்போதும் கழுவாமல் வீட்டுக்கு எடுத்துப் போகிறவள்.

“இது உங்க சித்தி கல்யாணத்துக்குத் தந்தது. நீங்களே வச்சுக்கிடுங்க. நான் பெங்களூருக்கு வரலைங்க. யோசிச்சுத்தான் சொல்லுதேன்.”

“இங்க வந்ததே உனக்காகத்தான்.”

“தெரியும். எனக்காக வாறதுக்கும் கம்பத்தத் தூக்கிக்கிட்டுத்தான வந்தீங்க” என்றாள். கோபமே இல்லை. கோபம் இருந்தால் பேசிப் பார்த்திருப்பேன்.

கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். கார் போயிற்று.

மறுநாள் மதியம் அண்ணாச்சி காலியாகக் கிடந்த நிழலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு பரோட்டா வாங்கி வந்து வைத்தார். சாயங்காலம் சகா கூப்பிட்டான்.

“சார், இன்னைக்குக் கோடு ஆடவே இல்ல. இவ்வளவு சுத்தமான பதிவு நாம எடுத்ததே இல்ல. என்ன சார் பண்ணினீங்க?”

“காத்து நின்னுட்டுப்பா” என்றேன்.