ஒரு கோழியும் நிமிரவில்லை

நல்ல படம் ஒன்றைப் பார்த்தால் எனக்கு முதலில் வயிறு எரியும். ரசனையெல்லாம் அதற்கப்புறம்தான். சிலருக்குக் கண் கலங்குமாம், சிலருக்குப் புல்லரிக்குமாம். எனக்கு, இது ஏன் என் கைக்கு வரவில்லை என்ற ஒரே கேள்விதான். நாமக்கல்லில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். அதனால் எரிச்சலும் முறையாகத்தான் வரும்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து, இந்தப் பக்கத்து ஆட்களின் ஓவியங்களையும் புகைப்படங்களையும் மாட்டியிருந்தார்கள். முதல் அறையிலேயே ஓர் ஓவியம் என்னை நிற்க வைத்துவிட்டது. பாடி கட்டாத லாரி, வெறும் சேஸ். அதன்மேல் ஒரு பலகைப் பெட்டியில் உட்கார்ந்து ஒருவர் ஓட்டி வருகிறார். தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றியிருக்கிறார். சாலை இல்லை, மரம் இல்லை. துண்டின் நுனி பறப்பதிலேயே காற்று முழுவதையும் காட்டியிருந்தார் ஓவியர். பள்ளிக்குப் போகும்போது தினமும் நான் பார்க்கிற காட்சிதான் அது. ஸ்கூட்டியை ஓரம் கட்டி வழிவிட்டதைத் தவிர நான் அதற்கு ஒன்றும் செய்ததில்லை. பத்து நிமிடம் நின்று குறை தேடினேன். கிடைக்கவில்லை.

ஆனாலும் அது முன்பின் தெரியாதவர் வரைந்தது. அந்த மாதிரிப் பொறாமை ஒரு காபி குடித்தால் இறங்கிவிடும். அடுத்த அறையில் இருந்தது என் நாத்தனார் எடுத்த புகைப்படம்.

நாத்தனார் என் கணவரின் தங்கை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் கோழிப்பண்ணையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கேமராகூட அவளுடையது இல்லை. வரைவதற்கு மாதிரிப் படம் எடுக்கலாமென்று நான் வாங்கி, சலித்துப்போய் அவளிடம் கொடுத்தது.

படத்தில் எங்கள் கோழிக்கொட்டகையின் உட்புறம். இரண்டு பக்கமும் கூண்டு வரிசைகள், நடுவே ஒற்றையடி நடைபாதை, வலை வழியாக விழுகிற காலை வெயில். கடைசியில் முட்டை பொறுக்கும் அக்கா அட்டையோடு குனிந்திருக்கிறார். அத்தனை கோழிகளும் தீவனத் தொட்டியில் தலையைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருக்கின்றன. ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு அதில் ஒன்றும் தெரியாது. வெயிலைப் பார்த்துவிட்டு அழகு என்று நகர்ந்துவிடுவார்கள். பண்ணை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும், அப்படி ஒரு படம் எடுக்கவே முடியாது என்று. புது ஆள் உள்ளே வந்தால் மொத்தக் கொட்டகையும் கழுத்தை நீட்டிப் பார்க்கும். தெரிந்த ஆளே புது நிறத்தில் உடுத்தி வந்தாலும் மிரண்டு படபடத்து அடித்துக்கொள்ளும், முட்டை குறையும். அதனால்தான் உள்ளே போகிறவர்கள் ஒரே உடையை மாற்றாமல் உடுத்துவார்கள். நான் ஒருமுறை கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, வரைபலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்றைய ரகளையில் என் ஓவியத்தில் விழுந்தது இறகுதான். "படம் வரையறதுன்னா ஊட்டுல உக்காந்து வரை" என்றார் கணவர்.

நாத்தனார் என்ன செய்தாள் தெரியுமா? வெளுத்துப்போன நீல நைட்டி, மேலே தன் அண்ணனின் பழைய காக்கிச் சட்டை. இந்தக் கோலத்தில்தான் அவள் எப்போதும் கொட்டகைக்குள் போவாள். அதோடு கேமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான்கு மாதம் நடந்தாள். படம் எதுவும் எடுக்கவில்லை. சும்மா பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டே போவாள். ஏன் என்று கேட்டபோது, "சத்தத்துக்கும் பழகோணும்ல நங்கை" என்றாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். காட்சி தொடங்கும் முன்பு, படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு குறிப்பு கேட்டிருக்கிறார்கள் என்று அவள் வந்து நின்றாள். "உங்களுக்குத்தான் எழுத வரும். நீங்களே எழுதிக் குடுங்க நங்கை." நான் எழுதிக் கொடுத்தேன்: 'காலை ஒளியில் எதேச்சையாக அகப்பட்ட ஒரு கணம்.' படிக்க அழகாக இருந்தது. எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

காட்சிக்கூடத்தில் ஒரு பெரியவர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, என்னோடு வந்திருந்த நாத்தனாரிடம் திரும்பினார். "அதிர்ஷ்டம்தானுங்க. சரியான நேரத்துல அங்க நின்னிருக்கீங்க."

"ஆமாங்க" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். "எதேச்சையான்னு ஏன் எழுதுனீங்க நங்கை?"

"சின்ன அட்டைதானே, இடம் பத்தல" என்றேன்.

"செரி உடுங்க." ராசிபுரம் தாண்டியது. பிறகு, "மறுக்கா உள்ள உக்காந்து வரையோணும்னா என்ற நைட்டியும் சட்டையும் எடுத்துக்கங்க. கோழிக ஒண்ணும் பண்ணாது" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் அவள் நைட்டியைப் போட்டு, சட்டையை மாட்டி, கோழிகளுக்கு நோய் தொற்றாமலிருக்க வாசலில் வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன். நடைபாதையின் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கோழியும் நிமிரவில்லை. ஒரு மணி நேரம் வரைந்தேன், கோடுகள் நன்றாகவே வந்தன. சந்தோஷமாக நெற்றி வியர்வையைத் துடைத்தபோது சட்டைக் கையில் அவளுடைய தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. கோழிகள் எனக்குப் பழகியிருக்கவில்லை. அவளுடைய நான்கு மாதத்தை நான் எடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து காட்சிக்கூடத்துக்குப் போன் செய்தேன். குறிப்பை மாற்ற வேண்டுமென்று சொல்லி, நான்கு மாதம், ஒரே உடை, வெறும் பொத்தான் சத்தம், எல்லாவற்றையும் வரிவரியாகச் சொன்னேன். போனை எடுத்த பெண், "பழைய வரியே நல்லாத்தான இருக்குங்க மேடம்?" என்றாள்.

"அது பொய்ங்க" என்றேன். சொன்னபோதும் வயிற்றெரிச்சல் இம்மியும் குறையவில்லை. இனிமேல் பார்க்கிறவர்கள் அந்தப் படத்தின் முன் இன்னும் அதிக நேரம் நிற்பார்கள் என்றுதான் தோன்றியது. மறுபடி காலை நனைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல் வாசலில் "நங்கை" என்று சத்தம் கேட்டது. புது அட்டையைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தார்கள் போல. கல்யாணத்திலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள், கையில் போன், தலை நிறையப் பூ, உடம்பில் அரக்குப் பட்டுச்சேலை. சிவப்புத் தொப்பி போட்டு வந்ததற்காகத் தீவனக்காரரையே வெளியே துரத்தியவள், காலைக்கூட நனைக்காமல் உள்ளே வந்துவிட்டாள்.

கொட்டகையே அதிர்ந்தது. கூண்டுகள் அத்தனையும் படபடக்க, இறகும் தூசியும் என் வரைதாளில் விழுந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். கண் நிறைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. அத்தனை கோழிகளும் கழுத்தை நீட்டி அவளையே பார்த்தன. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோழியாவது என் பக்கம் திரும்பியிருக்கலாம்.