மணல் வாளிக்குப் பக்கத்தில் இணையம்

மேடையில் நின்று நீங்கள் பொய் சொன்னீர்கள், அதிகாரி அவர்களே. ஊர் ஊருக்கு அதிவேக இணையம் வந்துவிட்டது, ஜனங்களுக்குத்தான் அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை, சாயங்காலமானால் எல்லாரும் சீரியல் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றீர்கள். ஆதாரத்துக்குத் திரையில் இணையப் பயன்பாட்டின் வரைபடம் ஒன்றைக் காட்டினீர்கள். பகலெல்லாம் மேலே ஓடிய கோடு சாயங்காலம் தரையில் படுத்துக் கிடந்தது. மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அந்தக் கோடு ஏன் படுத்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். தெரியாதது போலப் பேசியதால் ஊரறிய எழுதுகிறேன்.

நான் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறவள். கம்ப்யூட்டரில் மயில் போடுவேன், தாமரை போடுவேன், சிரிக்கிற குழந்தை போடுவேன். போட்டதைச் சிவகாசியில் ஓர் அச்சக முதலாளிக்கு அனுப்ப வேண்டும். அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஆபீசிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தேன். பிள்ளை பிறந்ததும் வீட்டிலிருந்து செய்கிறேன் என்றேன். வேலை தெரிந்த ஆள் கையை விட்டுப் போகக் கூடாது என்று சரி சொன்னார்.

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் கண்மாய்க் கரையில்தான் கிடைக்கும். அதிலும் பேசலாம், அவ்வளவுதான். அச்சுக்குப் போகிற பெரிய ஃபைல் அதில் நகராது. அதனால் பென்டிரைவைக் காகிதத்தில் மடித்து மினிபஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவேன். ஒருமுறை அது கைமாறிச் சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. அவர்கள் என் மயிலைப் பார்த்துவிட்டு, நமக்கும் இப்படி ஒன்று போட்டுத் தருமா அந்தப் பொண்ணு என்று கேட்டு அனுப்பினார்கள். அண்ணாச்சி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

அப்புறம் அரசாங்கத்தின் கண்ணாடி இழைக் கேபிள் எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் வந்தது. சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். பச்சை விளக்கு மினுக்கியது. அங்கிருந்து வீடுகளுக்கு இழுக்கிற வேலையை எங்கள் ஊர்க் கேபிள் டிவிக்காரரிடம் விட்டார்கள். ஆளாளுக்குப் போனில் படம் பார்க்க ஆரம்பித்ததில் தொழில் படுத்துப்போன மனுஷன், புது மாப்பிள்ளை மாதிரி ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தார். முதல் வீடே என் வீடுதான். ஃபைல் போன வேகத்தைப் பார்த்து, போனது நிஜமாகவே போய்ச் சேர்ந்ததா என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். திட்டினார்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைதான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இணையம் செத்துப்போகும். காலையில் நான் சாணி தெளித்துவிட்டு வந்து பார்த்தாலும் இருக்காது, பிள்ளைக்குச் சோறூட்டி முடிக்கும்போது தானாக உயிர் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிணம்தான். அண்ணாச்சிக்கோ சாயங்காலம்தான் வேலையே. வடக்கே இருக்கிற வியாபாரிகள் கடையை ஒதுக்கிவிட்டு அப்போதுதான் போன் போடுவார்கள். எழுத்தைப் பெரிசாக்கு, மயிலைத் திருப்பு, சிவப்பைக் கூட்டு என்பார்கள். உடனே மாற்றி அனுப்ப வேண்டும். சீசன் நெருங்கியதும் அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் லைன் இருந்தா வேலை உனக்கு. இல்லன்னா சொல்லிரும்மா, இங்கன ஒரு ஆளப் போட்டுக்கிறேன்."

கைப்பிள்ளையை விட்டுவிட்டுத் தினமும் சிவகாசிக்கு பஸ் ஏற என்னால் முடியாது. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை. புகார் மேல் புகார் போட்டேன். உங்கள் ஆட்கள் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வந்ததெல்லாம் பகலில். பச்சை விளக்கைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டாம் தடவை வந்து பெட்டியையே மாற்றினார்கள். கேபிள்காரர் அணில் கடிக்கிறது என்று வேப்பமரத்து வழியாகப் போன கேபிளைப் பூராவும் கழற்றி வேறு வழியாகக் கட்டினார். சாயங்காலம் மட்டும் கடித்துவிட்டுக் காலையில் ஒட்டவைக்கிற அணில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒருநாள் அந்தப் பெட்டியிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். பிள்ளை தூங்கி எழ நேரமாகி, நான் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூட்டுகிற நேரம். ஆபீசைத் திறந்து, கூட்டி, பூட்டுகிற அக்கா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். பல வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். என்னை வெளியே நிற்கச் சொன்னார். கதவுக்குப் பக்கத்தில் கையை உயர்த்தி மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். பச்சை விளக்கு அணைந்தது. பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

நான் கத்தினேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அக்கா பதறவே இல்லை.

"மெயின அமத்தாம எப்படித் தாயி பூட்டுறது? நீ எந்த ஊர்க்காரி?"

வீட்டைப் பூட்டுமுன் நானும் அதைத்தான் செய்துவிட்டு வந்திருந்தேன். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் எங்கள் பக்கத்தில் மெயினை அணைக்காமல் யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஒரு பொறி என்ன செய்யும் என்று இங்கே யாரும் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சொல்லி வைத்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகப் போகும். அப்படிக் கை போகிற ஊரில், அணையவே கூடாத பெட்டியை அந்த மெயினிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

என் வேலை போய்விடும் அக்கா என்றேன். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார், ஆனால் சுவிட்ச் விஷயத்தில் இல்லை.

"உனக்கு லேபிளு இன்னைக்குப் போகலன்னா நாளைக்குப் போகும். ஆபீசு எரிஞ்சா நாளைக்கு வருமா?"

மறுநாள் காலையில் கேபிள்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அந்த மனுஷன் ஆபீஸ் வாசலில் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். அம்புட்டு மரம் ஏறினேனே, அணிலை வைதேனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு எழுந்து, பெட்டிக்கு மட்டும் மெயினுக்கு முன்னாலிருந்து ஒரு வயர் தந்துவிடுகிறேன் என்றார். பூட்டிய கட்டடத்துக்குள் கரண்டா என்று அக்கா மறுத்தார். அப்படியானால் உள்ளே ஒரு பேட்டரி வைக்கிறேன் என்றார்.

"ஏலே, பேட்டரிக்குள்ள என்ன மோரா இருக்கு?" என்றார் அக்கா.

பேச்சு டீ வாங்கி வந்து குடித்து முடிக்கும் வரை நடந்தது. முடிவில் அக்கா சொன்னபடிதான் ஆயிற்று. பேட்டரி கட்டடத்துக்கு வெளியே, சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கூண்டில் இருக்கும். பகலில் ஆபீஸ் கரண்டில் அது ஏறிக்கொள்ளும். பூட்டிய பிறகு அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் சுவர் ஓட்டை வழியாகப் போய்ப் பெட்டியை மட்டும் ஓடவைக்கும். கூண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு வாளியில் மணல் தொங்க வேண்டும். வாளியை அக்காவே கொண்டுவந்தார். மணலைச் சலித்துக் கொட்டினார். பேட்டரியைக் கேபிள்காரர் தன் பழைய கேபிள் டிவி அறையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா பூட்டிவிட்டுப் போன பிறகு அண்ணாச்சி மயிலைத் திருப்பச் சொன்னார். திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. கொண்டை சின்னதாக இருக்கிறது என்று வைதார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு இனிப்பான வசவை நான் வாங்கினதில்லை. இன்னொரு ஆள் போடுகிற பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

ஆனால் பேட்டரி பழசு. சனிக்கிழமை ராத்திரியைத் தாண்டாது. அதனால் அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். ஆபீசைத் திறக்கிறார், மெயினைப் போடுகிறார், வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார். பேட்டரி ஏறினதும் அணைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார். லீவு நாளில் அவர் வருவதற்கு யாரும் சொல்லவில்லை, யாரும் ஒன்றும் கொடுக்கவும் இல்லை. கேட்டால், உன் பிள்ளை பெருசாகட்டும், பெறகு நீயே வந்து தொற என்கிறார். அந்தப் பேட்டரி நின்றால் என் வேலை நிற்கும். ஓர் அரசாங்கத் திட்டத்தின் கடைசிக் கண்ணி ஒரு பொம்பளையின் லீவு நாளில் தொங்குகிறது.

அக்கா சொன்னபடி கட்டடத்துக்கு வெளியே கூண்டிலிருந்தே அந்தப் பெட்டிக்கென்று தனி மின் இணைப்பு கேட்டு, நீங்கள் அந்த மேடை ஏறுவதற்கு முன்பே நான் உங்கள் ஆபீசுக்கு வந்தேன். பார்க்கலாம் என்றீர்கள். இந்தப் பக்கத்தில் மற்ற ஊர்களிலும் பஞ்சாயத்து ஆபீசைப் பூட்டுகிறவர்கள் எங்கள் அக்காவைப் போன்றவர்கள்தான். அங்கேயும் பெட்டி சாயங்காலம் அணைகிறதா என்று கேட்டேன். கடிதமாகக் கொடுங்கள் என்றீர்கள். உங்கள் ஃபைலில் தூங்குவதற்குக் கொடுக்க மாட்டேன், எல்லாரும் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த கிராம சபைக்கு நீங்கள் வாருங்கள். அக்கா முன் வரிசையில் இருப்பார். எத்தனை ஊரில் அந்தப் பெட்டி ஆபீசோடு சேர்ந்து அணைகிறது, தனி இணைப்பு என்றைக்கு வரும், அதுவரை அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக்கு யார் பொறுப்பு? ஊர் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.