உளவாளியின் தொண்டை

டப்பிங் தொழிலில் தொண்டைதான் முதலீடு. முகம் சும்மா கூட வருவது. நீங்கள் மாடாய் உழைத்துத் தயாரித்ததை மேலதிகாரி தன்னுடையது என்று வாசித்துக் கைதட்டல் வாங்கிய அனுபவம் உண்டா? அப்படியானால் நாம் ஒரே கட்சி, மேலே படியுங்கள்.

இறக்கையில் ஒரு வாழ்த்து

மும்பை ஹீரோவின் உளவாளிப் படம். அவருக்குத் தமிழில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். பறக்கும் விமானத்தின் இறக்கையில் ஒரு கையால் தொங்குகிறார். மறு கையில் போன். தங்கைக்குக் கல்யாண வாழ்த்துச் சொல்கிறார். காற்று இந்த அடி அடிக்கிறதே, கத்திப் பேசட்டுமா என்றேன். டப்பிங் டைரக்டர் யோசிக்கவே இல்லை.

"சார், அவரு உளவாளி. கத்துனா யாருக்காச்சும் கேட்டுடும்."

முறை மாறியது

சண்டைக் காட்சிகளை எப்போதும் கடைசியில்தான் பேசுவோம். "ஹா, ஹூ" என்று ஐம்பது பேரை அடித்து முடித்தால் தொண்டை ஒன்றுக்கும் உதவாது. இந்தப் படத்தில் தங்கை சாகும் காட்சி எடிட்டிங்கிலிருந்து தாமதமாக வந்ததால், சண்டையை முதலில் பேச வைத்துவிட்டார்கள். கிழிந்த தொண்டையோடு தங்கைக்காக அழுதேன். பாதியில் குரல் உடைந்து வெறும் காற்றுதான் வந்தது. வெட்கமாகப் போய், இன்னொரு நாள் வந்து பேசித் தருகிறேன் என்றேன். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல யாராவது கை வெச்சா நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

ஒரு சின்ன விஷயம்

நான் கேட்டது ஒன்றுதான்: படம் முடிந்து ஓடும் பெயர்களில் என் பெயர். தயாரிப்பு மேனேஜர் தலையாட்டினார். பத்தாவது படிக்கும் என் மகளிடமும் சொல்லி வைத்தேன். ரிலீசுக்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் போன் செய்தார்.

"அண்ணா, ஹீரோவே தமிழ் கத்துக்கிட்டுப் பேசினதா பேட்டி குடுத்துட்டாரு. உங்க பேரு வராது. வெளியில மூச்சு விட்டீங்கன்னா அடுத்த பாகமும் உங்களுக்கு இல்ல."

பல்லாவரம் தியேட்டரில்

மகளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே டிக்கெட் போட்டு, அனகாபுத்தூரிலிருந்து பஸ் ஏற்றி இழுத்துப் போனாள். திரையில் தங்கை செத்தாள். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் தொடையைத் தட்டினார்.

"இன்னா ஆக்டிங்கு சார். தொண்ட அடைக்குது பாரு, அத்த எவனாலயும் சொல்லிக் குடுக்க முடியாது. நமக்கோசரம் தமிழ் கத்துகினு பேசிகீறாரு."

"எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள் மகள். அவள் கையை அழுத்திப் பிடித்தேன். அந்த மனிதர் அழுதது என் குரலுக்கு. அதை அவரிடம் சொல்ல எனக்கு வழி இல்லை.

படம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். டீ கொடுத்தவர், வண்டி ஓட்டியவர் எல்லோருடைய பெயரும் ஓடியது. மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். திரை வெறுமையான பிறகும் எழுந்திருக்கவில்லை. துடைப்பத்தோடு வந்த அக்காதான் அவளை எழுப்பினார்.

"எய்ந்துக்கோ கண்ணு, பேரெல்லாம் ஓடிட்ச்சி. இன்னும் யாருக்கோசரம் குந்திகினுகீற?"

ஹீரோவையாவது வில்லன் இடைவேளைக்குள் கண்டுபிடித்துவிட்டான். அந்தப் படத்தில் கடைசிவரை யாரிடமும் பிடிபடாத உளவாளி நான் ஒருவன்தான்.