ஆணி அடித்த புளியமரம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். கோடாலி பிடித்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். நான் கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக் கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர். ஒருநாள் கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பும்போது பஸ் அப்படியொரு மரத்தின் முன்னால் நின்றுவிட்டது.

உள்ளே நசுங்கிக்கொண்டு நிற்கையில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. வேர்த்துக் கொட்டியது, மூச்சு முட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. அப்புறம்தான் இறங்கி, மரத்தைத் தாண்டி, வீட்டுக்கு நடந்தேன்.

அது மறுபடி மறுபடி வந்தது, வெங்காயம் உரிக்கும்போதும் வகுப்பிலும். பிறகு பஸ் ஹாரன் கேட்டாலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். லீவு மேல் லீவு போட்டேன். இப்படியே போனால் வேலை போய்விடும் என்று தலைமை ஆசிரியர் சொல்லி அனுப்பினார். என் வாழ்க்கையில் என்னுடையது என்று இருந்ததே அந்த வேலை ஒன்றுதான்.

தெருமுனை கிளினிக் மகானுபாவர் என் மணிக்கட்டைப் பிடித்தபடி அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே, "கேஸ் ட்ரபிள்" என்றார். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார். நான் என்ன சொல்கிறேன் என்று காது கொடுக்கவே இல்லை.

மாமியாருக்கோ எல்லாம் தெரியும். "புளியமரத்த வெட்டிட்டா வூடு போன பேயி எங்கனா பூந்துதான ஆவணும்? இவ மரத்தத் தாண்டிக்கினு வந்துட்டா" என்றார். தாண்டுவதற்கு முன்னாலேயே வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? ஊர்க்கோடியில் வெட்டாமல் விட்ட ஒரு புளியமரத்தில், பேயை அங்கேயே கட்டிப்போட என்று, பூசாரி என் முடிக்கற்றையை ஆணி வைத்து அடித்தான். வீட்டுக்காரர் பக்திப் பழமாகக் கைகட்டி நின்றார். வெட்டினவரை விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினவளைப் பிடித்ததாம். அந்தப் பேய்க்கும் ஆள் பார்க்கத் தெரிந்திருக்கிறது!

அடுத்த வாரமே திரும்ப வந்தது. எனக்கு நம்பிக்கை போதவில்லையாம். கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா ஈசிஜி எடுத்தார், ரத்தம் பார்த்தார், தைராய்டும் பார்த்தார். எதிலும் கோளாறு இல்லை. பிறகு யாரும் கேட்காததைக் கேட்டார்.

"அது வராதப்பவும், எப்ப வருமோன்னு பயந்துக்கினே இருக்கியாம்மா? அதுக்காகவே பஸ் ஏறாம இருக்கியா?"

அழுதுவிட்டேன். இதற்குப் பேர் உண்டு, பேனிக் என்பார்கள் என்றார். திருடனே வராத வீட்டில் நாய் குரைப்பதுபோல உடம்பு சும்மா பதறுகிறது, உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஏறினது தானாக இறங்கும் என்றார். மாத்திரை கொடுத்தார். பஸ்ஸில் போ, நடுவில் மட்டும் இறங்கிவிடாதே என்று சொல்லி அனுப்பினார்.

பஸ் ஏறினேன். மலை வளைவில் அது வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் வருவதற்குள் அடங்கிவிட்டது. அப்படியே நாள் போகப் போகக் குறைந்தது, வேலையும் தப்பியது. எல்லாம் அந்த ஆணியின் மகிமை என்று மாமியார் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்று வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார்.

ஆணி கையோடு வந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தப் போராட்ட வீரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளிறி நிற்கிறார்.

"படபடன்னு அடிக்குதுடி. செத்துடுவன் போலக்குது."

"ஒண்ணும் ஆவாது. தானா அடங்கும். குந்துங்க."

அடங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு அந்த வீட்டில் யாரும் அதைக்கூடச் செய்யவில்லை.