கோடி போன ஏரியும் வரவேண்டிய பேருந்து நிலையமும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கோயம்பேட்டில் காலையில் பேருந்து ஏறினேன். செஞ்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.
2. மதியம் திருவண்ணாமலையில் இறங்கினேன். லாட்ஜில் பையை வைத்துவிட்டு ஒரு ஏரியைப் பார்க்கப் போனேன்.
3. அன்று சாயங்காலம் அந்த ஏரி நிரம்பி வழிந்தது.
4. மறுநாள் வேங்கிக்காலில் கூட்டம். ஊராட்சித் தலைவர் பொங்கல் கொண்டுவந்தார்.
5. அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை, தலைவர் உட்பட.

நான் நகரமைப்பு படித்தவள். சென்னையில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை. பௌர்ணமிதோறும் மலை சுற்ற வரும் கூட்டத்தின் பேருந்துகளை நகரத்துக்கு வெளியே நிறுத்த மாவட்ட நிர்வாகம் இடம் தேடியது. திண்டிவனம் சாலையில், நகரத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில், ஓர் ஏரியை ஒட்டிய நிலம் அகப்பட்டது; அது சரிப்படுமா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்களுக்கு வந்தது. ஊரின் பெயரை எழுதவில்லை. விஷயம் இன்னும் முடியாததுதான் காரணம்.

கோப்பில் அந்த நிலம் 'பயன்பாட்டில் இல்லாத வாய்க்கால்'. எங்கள் வரைபடத்தில் அது ஏரியின் உபரித் தண்ணீர் போகும் வழி. மண் கொட்டி மேடாக்கினால் அந்தத் தண்ணீர் முழுவதும் பக்கத்துப் புதுத்தெருவுக்குள் திரும்பும். 'கொட்டக் கூடாது' என்று அறிக்கை எழுதியாயிற்று. கூட்டத்தில் நான்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் வறண்ட வருடங்கள் தொடர்ந்து வந்ததில் வாய்க்கால் மாட்டுவண்டிப் பாதையாக மாறியிருந்தது. அங்கே தண்ணீர் ஓடும் என்று யார் நம்புவார்கள்? பேருந்தில் வழியெல்லாம் இதே கவலை. கீழ்பென்னாத்தூரில் பேருந்து நின்றபோது இறங்கிக் குடித்த தேநீரின் ருசிகூட நினைவில் இல்லை.

நகரத்தில் ஆட்டோ பிடித்தேன். நூற்றைம்பது ரூபாய் கேட்டவரின் பெயர் ஏழுமலை.

"ஏரிக்கா? இந்த மழையிலயா? மலைய சுத்த வர்றவங்கள பாத்துக்கீறேன் மேடம். ஏரிய சுத்த வந்த ஆளு நீங்கதான்."

"பஸ் ஸ்டாண்டு வரப்போற இடத்தப் பாக்கணும்."

முழுதாகத் திரும்பிப் பார்த்தார். வண்டி தானாக ஓடியது. "எங்க ஊருதான் மேடம்! என் வூடு புதுத்தெருவுலதான். நல்லபடியா எழுதிக் குடுங்க. ஸ்டாண்டு வந்தா மொத வண்டி என்னுதுதான்."

நான் ஏற்கெனவே எழுதியதைச் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டும்படி மட்டும் சொன்னேன்.

கரையில் கூட்டமாக இருந்தது. ஏரி நிரம்பி உபரிநீர் வழியும் தாழ்ந்த கல்சுவரை இங்கே கோடி என்கிறார்கள். வழிந்தால் 'ஏரி கோடி போச்சு'. தண்ணீர் அந்தச் சுவரின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. பூசைக்குத் தயாராக மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை, கற்பூரத் தட்டு. ஓர் ஆடு நனைந்துகொண்டு நின்றது. வழிந்த தண்ணீரில் முதலில் கால் வைக்க வேண்டியவர் ஊராட்சித் தலைவர். அது வழக்கம். இந்தப் பேருந்து நிலையத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவரும் அவரேதான். பெயர் காசிநாதன்.

"மெட்ராஸ்லேர்ந்து வந்தவங்களா? நீங்க வந்த நேரம் கோடி போவுது பாருங்க! ராசியான காலு!" என்று கையில் பூவைக் கொடுத்தார். என்ன செய்வது, வாங்கிக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் தண்ணீர் சுவரைத் தாண்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். தலைவர் வேட்டியோடு இறங்கித் தேங்காய் உடைத்து மாலையை விட்டார். நானும் பூவைப் போட்டேன். மாலை மாட்டுவண்டிப் பாதையில் வேகமாகப் போய், பேருந்து நிலையத்துக்கென்று நட்டிருந்த அளவைக் கல் ஒன்றில் மாட்டிக்கொண்டது. வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வாய்க்காலை மீறிய தண்ணீர் கொஞ்சம் புதுத்தெருவுக்குள்ளும் போயிற்று. ஏழுமலை ஓடினார், பின்னால் நானும். அவர் மனைவி அஞ்சலை அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு வாசலில் நின்றார். கணுக்கால் வரை தண்ணீர்.

"பஸ்ஸு வந்து நிக்கும்னியே, மொதல்ல மீனு வந்து நிக்குது பாரு" என்றார் கணவரிடம்.

"சும்மா இரு. மேடம் எழுதிடப்போறாங்க."

லாட்ஜில் இறக்கிவிடும்போது ஏழுமலை வண்டியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு இத சொல்லிடாதீங்க மேடம். தண்ணி ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். ஸ்டாண்டு கையவிட்டுப் போனா திரும்ப வராது."

மண் கொட்டாமலே கணுக்கால் வரை வந்த தண்ணீர், கொட்டிய பிறகு எவ்வளவு வரும் என்று அவரிடம் சொன்னேன். அறையில் உட்கார்ந்து யோசித்தேன். பௌர்ணமி மாதத்தில் ஒரு நாள். கொட்டிய மண்ணோ என்றைக்கும் அங்கேயே கிடக்கும். கணக்கு சரிதான். இருந்தும் அறிக்கையை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

மறுநாள் வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்தின் மாடியறையில் கூட்டம். ஊர்க்காரர்கள் பின்னால் நின்றார்கள். தலைவர் ஒரு தூக்குவாளியோடு வந்து, கூட்டத்தை நடத்திய அதிகாரி தொடங்கி எல்லோருக்கும் வாழையிலைத் துண்டில் பொங்கல் வைத்தார். கோடி பூசைப் பிரசாதத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அந்த ஊர் வழக்கமாம்.

"நம்ம ஏரி கோடி போச்சுங்க சார். மொத பங்கு உங்களுக்குத்தான்."

"ரொம்ப சந்தோஷம். நல்லா போவுதா?"

"நல்லாவா? முட்டிக்கு மேல சார்! மொத ஆளா நான்தான் எறங்குனேன். இதோ, வேட்டியில மஞ்சக் கறைகூடப் போவல."

பின்னால் நின்றவர்கள் பெருமையாகச் சிரித்தார்கள். அதிகாரி பொங்கலை வாயில் போட்டபடி, இயல்பாகத்தான் கேட்டார்: "எந்தப் பக்கமா போவுது?"

தலைவர் வாயைத் திறந்தார். கண் மேசைக்குப் போயிற்று. அதிகாரியின் முன்னால் 'பயன்பாட்டில் இல்லாத வாய்க்கால்' என்ற கோப்பு விரிந்து கிடந்தது. அந்த வாய்க்காலில் தண்ணீர் போகவில்லை என்று சொன்னால், ஊரே பார்க்கச் செய்த பூசை பொய்யாகிவிடும். ஆடு வெட்டிவிட்டு அப்படிச் சொல்ல அவரால் முடியாது.

"பழைய வழியாத்தாங்க" என்றார் கடைசியில்.

அதிகாரி இலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வாய்க்காலைத் தொட வேண்டாம், சாலைக்கு மறுபக்கம் ஒரு கிலோமீட்டரில் உள்ள மேட்டு நிலத்தில் பௌர்ணமிக்கு மட்டும் பேருந்துகளை நிறுத்தலாம் என்றேன்.

"அங்க வச்சா பக்கத்து ஊர்க்காரன் ஆட்டோதான் ஓடும்" என்றார் ஏழுமலை பின்னாலிருந்து.

என் அறிக்கையில் தண்ணீர், சாலை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் தலைப்பு இருந்தது. இதற்கு இல்லை. அங்கே ஆட்டோ நிறுத்தத்தில் இந்த ஊருக்கும் பங்கு வேண்டும் என்று முடிவில் சேர்க்கக் கேட்டேன். அதிகாரி குறித்துக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை.

திரும்பும்போது ஏழுமலைதான் பேருந்து நிலையத்தில் விட்டார். இறங்கியபோது, "எங்க தலைவருக்குப் பெரும ஜாஸ்தி மேடம், பேச்சுல சூதானம் கம்மி" என்றார். சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அவரே சிரித்துவிட்டார்.

பேருந்து அந்த ஏரியின் ஓரமாகத்தான் போயிற்று. மழை விட்டிருந்தது. சாமந்தி மாலை இன்னும் அளவைக் கல்லில்தான் இருந்தது. சென்னையில் நாங்கள் குடியிருப்பது ஏரிக்கரைத் தெருவில். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் அது எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

இன்றைய நிலை இது. மண் கொட்டவில்லை. திட்டத்தைக் கைவிடவும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி இடம் பார்ப்பார்கள். இந்தத் தீபத்துக்குப் பேருந்துகள் மேட்டு நிலத்தில் நிற்கும். ஆட்டோ நிறுத்தத்தில் எந்த ஊருக்கு எவ்வளவு பங்கு என்பது முடிவாகவில்லை. அளவைக் கற்களைப் பிடுங்கச் சொல்லி இதுவரை உத்தரவு வரவில்லை.